ஒரே பேரிங், இரண்டு பெட்டி

போன மழைக்காலத்தில் என் காரின் முன்பக்கத்திலிருந்து ஓர் ஊளைச் சத்தம் வர ஆரம்பித்தது. வேகம் கூடக் கூட அதுவும் கூடும், வளைவில் திரும்பும்போது சுருதி மாறும். சர்வீஸ் சென்டரில் விட்டேன், வீல் பேரிங் போய்விட்டது என்று ஒரு எஸ்டிமேட்டை நீட்டினார்கள். தொகையைப் பார்த்துவிட்டு யோசிக்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்து, எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் சக்கரத்தைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை, காதால் கேட்டே சொல்லிவிட்டார். "பேரிங்தாண்ணே. ஆனா ஜிபி ரோட்டுல நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க, பாதி விலைக்குக் கிடைக்கும்."

ஜிபி ரோடு பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள், பைக்கை நிறுத்த இடமிருக்காது. கடைக்காரர் கவுண்டர்மேல் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்று கார் கம்பெனியின் சின்னமும் ஹாலோகிராமும் ஒட்டிய பெட்டி, இன்னொன்று பேரிங் தயாரிக்கும் கம்பெனியின் சொந்தப் பெட்டி. இரண்டையும் பிரித்துக் காட்டினார். இரும்பு வளையத்தில் பொறித்திருந்த பெயரும் எண்ணும் ஒன்றேதான். விலை மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். "உள்ள இருக்கறது ஒண்ணுதான் சார், அட்டைக்குத்தான் காசு" என்றார், தினமும் நூறு பேரிடம் சொல்கிற சலிப்போடு. இரண்டாவதை வாங்கினேன், மாட்டியதும் சத்தம் நின்றது.

சத்தம் நின்றதே தவிர, அந்தப் பெட்டிகள் மண்டையை விட்டுப் போகவில்லை. ஏமாற்றுகிறார்கள் என்று பொங்க வரவில்லை. சின்னம் போட்ட பெட்டிக்குப் பின்னால் குடோன் வாடகை இருக்கிறது, வாரண்டி இருக்கிறது, அந்த மாடல் நின்று பல வருஷம் ஆன பிறகும் பாகத்தை ஸ்டாக் வைத்திருக்கவேண்டிய பாடு இருக்கிறது. சரி, அதற்கு ஒரு விலை உண்டு. எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு. அந்த இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கிற பணத்தில் ஒரு ரூபாயாவது அந்த வளையத்தைக் கடைந்தவன் கைக்குப் போகிறதா? அவனுக்கு எந்தப் பெட்டியில் போனாலும் ஒரே கூலிதானா? இன்னொன்று, இத்தனை வருஷமாக 'அந்தக் கம்பெனி கார்' என்று நான் சொல்லிக்கொண்டிருப்பதில் அந்தக் கம்பெனி செய்தது எவ்வளவு?

பாடியில் இறங்கினால்

இதில் ஆச்சரியப்பட நமக்கு உரிமையே இல்லை. அம்பத்தூர் போகிற பஸ்ஸில் 'லூகாஸ் டிவிஎஸ்' என்றே ஒரு ஸ்டாப்பிங் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிற ஆலையின் பெயரை ஊரே இடப்பெயராகச் சொல்லிப் பழகிவிட்டது. 1960களின் தொடக்கத்தில் அம்பத்தூருக்குப் பக்கத்திலிருக்கும் பாடியைச் சுற்றி டிவிஎஸ் குழுமம் ஒவ்வொன்றாக ஆலைகளைத் தொடங்கியது. சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, ஏர் பிரேக்குக்கு சுந்தரம் கிளேட்டன், மின்சாதனங்களுக்கு லூகாஸ் டிவிஎஸ். செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், ஸ்டியரிங்குக்கும் என்ஜின் வால்வுக்கும் ரானே, திருவொற்றியூரில் டயருக்கு எம்ஆர்எஃப். இவ்வளவும் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் முதல் சான்ட்ரோவை வெளியே தள்ளுவதற்கு முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை. கார் கம்பெனிகள் வந்ததால் இங்கே பாகம் செய்கிறவர்கள் முளைக்கவில்லை, பாகம் செய்கிறவர்கள் ஏற்கெனவே இருந்ததும் கார் கம்பெனிகள் இந்த ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். 1990களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அமெரிக்காவுக்கு அனுப்பியதும் இதே ஊரின் சுந்தரம் பாஸ்ட்னர்ஸ்தான்.

ஒரு காரை ஆணி, திருகு வரை பிரித்துப் போட்டால் ஏறத்தாழ 30,000 பாகங்கள் தேறும் என்பது டொயோட்டா சொல்கிற கணக்கு. அதில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவது. பொதுவாக, கார் கம்பெனி தன் கையில் வைத்துக்கொள்வது என்ஜின், காரின் உடல் தகடுகளை அழுத்தி வடிப்பது, வெல்டிங், பெயின்ட், கடைசிக் கோர்ப்பு. அதிலும் என்ஜினுக்குள் பிஸ்டன் வெளியார், ரிங் வெளியார், எரிபொருள் செலுத்தும் சாதனம் பெரும்பாலும் பாஷ் அல்லது டென்ஸோ என்ற பாகக் கம்பெனிகளுடையது. ஒன்றையொன்று முறைத்துக்கொள்கிற இரண்டு கம்பெனிகளின் கார்களில் ஏபிஎஸ், அதாவது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் சாதனம், ஒரே இடத்திலிருந்து வந்திருக்கும். அந்தக் கார்க்காரர்கள் மைலேஜ் பற்றி வாட்ஸாப்பில் கட்டிப்புரள்வதைப் பார்க்கையில் எனக்கு இப்போதெல்லாம் சிரிப்புத்தான் வருகிறது.

எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று ஒருவர் கிளம்பத்தான் செய்தார். ஹென்றி ஃபோர்டு டெட்ராய்ட் பக்கத்தில் ரிவர் ரூஜ் ஆலையைக் கட்டினார். ஒரு பக்கம் இரும்புத் தாதுவும் நிலக்கரியும் கப்பலில் வந்து இறங்கும், இன்னொரு பக்கம் கார் வெளியே வரும். இரும்பு அவருடையது, கண்ணாடி அவருடையது, மின்சாரம்கூட அவருடையது. ரப்பர் மட்டும் ஏன் பாக்கி என்று 1928இல் பிரேசில் காட்டுக்குள் ஃபோர்ட்லாண்டியா என்று ஒரு தோட்ட நகரத்தையே தொடங்கினார். இலைநோய் வந்து மரங்கள் பட்டுப்போயின, அந்த ரப்பரில் ஒரு டயரும் உருப்படியாகத் தேறவில்லை. அவர் போன பாதையில் பிற்பாடு யாரும் அவ்வளவு தூரம் போகவில்லை. 1999இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பாகங்கள் பிரிவை டெல்ஃபி என்று கழற்றி விட்டது, அடுத்த வருஷமே ஃபோர்டு விஸ்டியானைக் கழற்றி விட்டது. தனிக் கம்பெனி என்றால் நான்கு பேருக்கு விற்கலாம், சம்பளமும் குறைத்துக் கொடுக்கலாம். இரண்டாவது காரணத்தை மேடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

மாமாவின் கடைசல் பட்டறை

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் மாமா ஒருவர் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷின்கள், சில பழைய லேத்துகள், வாசலில் சுருள்சுருளாக இரும்புச் சீவல். அவர் கடைவது கட்டைவிரல் தண்டியில் ஒரு புஷ், குழாய் மாதிரி ஒரு சின்ன உலோக வளையம். அது இன்னொரு கம்பெனிக்குப் போய் ஒரு பெரிய பாகத்தில் உட்காரும், அந்தப் பாகம் கார் கம்பெனிக்குப் போகும். அவர் மூன்றாவது அடுக்கு. தான் கடைந்த புஷ் எந்த மாடலில் ஓடுகிறது என்பதே அவருக்கு ஒரு நாள் டீக்கடையில் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

என் இரண்டு பெட்டிக் கதையை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நீ ஏன்டா கடை விலையைப் போட்டுக் குழப்பிக்கிற? எனக்கு வருஷா வருஷம் ஒரு லெட்டர் வரும், அதைப் பாரு" என்றார். அந்தக் கடிதத்தின் சாரம் இதுதான்: இந்த வருஷம் விலையில் இத்தனை சதவீதம் குறைத்துக்கொள்ளவும். செய்யச் செய்யக் கை பழகும், கழிவு குறையும், அதனால் செலவும் குறையவேண்டும் என்பது சரக்கு வாங்குகிற கம்பெனியின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை, முதல் இரண்டு மூன்று வருஷம் குறையவும் செய்யும். அதற்கப்புறம் எங்கே குறைப்பது? இரும்பு விலை ஏறினால் கேட்டு வாங்குவதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடுகிறது. பணம் வர மூன்று மாதம் ஆகும். சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் தரவேண்டும் என்று 2006இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்கிறவருக்கு அடுத்த ஷெட்யூல், அதாவது அடுத்த ஆர்டர், வராது என்பதும் எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். இதோடு டெபிட் நோட். ஒரு நாள் இவர் சரக்கு தாமதமாகி, மேலே எங்கோ லைன் நின்றுவிட்டால், நின்ற நேரத்துக்கான பணம் இவர் பில்லில் கழியும். ஒரு புஷ்ஷில் இவருக்கு நிற்பது காசுக் கணக்கு, லைன் நின்றால் போவது லட்சக் கணக்கு.

கார் கம்பெனிகள் வெளியாரை நம்பியிருக்கின்றன என்று பத்திரிகைகள் எழுதும்போது எனக்கு இந்தப் பட்டறைதான் ஞாபகம் வருகிறது. யார் யாரை நம்பியிருக்கிறார்கள்? 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது, அடுத்த வருஷம் மறைமலை நகர் ஆலையில் கடைசிக் கார் இறங்கியது. ஒரு மாடலுக்கென்று வெட்டிய டை, அதாவது பாகத்தை வடிக்கும் அச்சு, வேறு எதற்கும் ஆகாது, எடைக்குத்தான் போடலாம். பெரியவர்கள் வேறு ஆர்டர் தேடிக்கொள்வார்கள். அந்த ஒரு மாடலை நம்பிக் கடன் வாங்கி மெஷின் போட்டவன் தவணையை எங்கே போய்க் கட்டுவான்?

கரியாவில் ஒரு சனிக்கிழமை

எனக்கு இந்த விஷயத்தில் ஓர் எண்ணம் பிடிபட்டது ஜப்பானில் நடந்த ஒரு தீ விபத்தைப் பற்றிப் படித்தபோதுதான். தொழில் மேலாண்மை படித்தவர்களுக்குப் பழைய கதை, அவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை, விடியற்காலை நாலரை மணிகூட ஆகவில்லை. ஐச்சி மாநிலம் கரியா நகரில், டொயோட்டாவுக்குப் பாகம் செய்யும் ஐசின் செய்கி கம்பெனியின் முதல் ஆலை பற்றிக்கொண்டது. அங்கே செய்துகொண்டிருந்த பாகங்களில் ஒன்று பி-வால்வு. சிகரெட் பெட்டி அளவுதான் இருக்கும். பிரேக் மிதிக்கும்போது பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. விலை என்னவோ சில்லறைதான், ஆனால் டொயோட்டா கார்களுக்கான பி-வால்வில் ஏறக்குறைய அத்தனையும் அந்த ஓர் ஆலையில் நடந்தது, நாளொன்றுக்கு 30,000க்கு மேல். டொயோட்டாவிடம் இருந்த கையிருப்பு அதிக நாள் தாக்குப்பிடிக்காது. தேவையான நேரத்துக்குத் தேவையான அளவு மட்டும் வரட்டும், குடோனில் குவித்து வைப்பது வீண் என்பதுதானே அவர்கள் உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த பாடம். செவ்வாய்க்கிழமை 30 அசெம்பிளி லைன்களில் 20 நின்றன. மறுநாள் கிட்டத்தட்ட எல்லாமே நின்றன.

அங்கே இருந்த 500க்கும் மேற்பட்ட மெஷின்களில் பெரும்பாலானவை வீணாகிவிட்டன. அந்த வால்வைக் குடைய விசேஷ டிரில் வேண்டும், அளக்க விசேஷ கேஜ் வேண்டும், அவையும் போய்விட்டன. புது மெஷின் வர மாதக்கணக்கில் ஆகும். ஐசின் அன்று காலையிலேயே வரைபடங்களை எடுத்துக்கொண்டு யார் யாரால் முடியுமோ அத்தனை பேருக்கும் அனுப்ப ஆரம்பித்தது. வந்தவர்களில் டொயோட்டாவின் மற்ற சப்ளையர்கள் இருந்தார்கள், அவர்களுடைய சப்ளையர்கள் இருந்தார்கள், வாழ்நாளில் காருக்கென்று ஒரு திருகாணிகூடச் செய்யாத பிரதர் இண்டஸ்ட்ரீஸ் இருந்தது. ஆமாம், தையல் மெஷின் பிரதர்தான். நேரடியாகவும் மறைமுகமாகவும் ஏறக்குறைய 200 கம்பெனிகள். பெரிய உற்பத்தி மெஷின் இல்லாதவர்கள் சாதாரண மில்லிங் மெஷினில் ஒவ்வொன்றாகக் குடைந்தார்கள். ஆளுக்கொரு வழியில் செய்தார்கள், எவருக்கும் எவரும் மேஸ்திரி இல்லை. முதல் நல்ல வால்வுகள் தீப்பிடித்த நாலைந்து நாளிலேயே வந்துவிட்டன, வியாழன் வாக்கில் லைன்கள் ஓடத் தொடங்கின, அடுத்த திங்களன்று ஏறக்குறைய வழக்கமான உற்பத்தி. டொயோட்டாவுக்கு நஷ்டம் சுமார் 70,000 கார்.

இந்தக் கதையை எல்லாரும் ஒற்றுமையின் பெருமையாகச் சொல்லிக் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு ஒட்டிக்கொண்டது அந்த ஒரு வாரத்தில் விலையைப் பற்றியோ ஒப்பந்தத்தைப் பற்றியோ பேச்சே எழவில்லை என்பது. ஒரு வால்வுக்கு எவ்வளவு தருவாய் என்று கேட்காமல் வேலையைத் தொடங்கினார்கள். அவ்வளவு நல்லவர்களா? நல்லவர்களாகவே இருக்கட்டும், ஆனால் அது மட்டும் காரணமில்லை. பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். செலவையெல்லாம் ஐசின் கொடுத்தது. லைன் நின்றதால் தன் முதல் அடுக்கு சப்ளையர்களுக்கு ஏற்பட்ட இழப்புக்கு, அந்தக் காலாண்டில் அவர்கள் தனக்கு விற்றதில் 1 சதவீதத்தை டொயோட்டா தானாகவே கொடுத்தது, மொத்தம் 1,500 கோடி யென்னுக்கு மேல். அந்த முதல் அடுக்கில் பலர் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கும் அதே மாதிரி கொடுத்தார்கள். டொயோட்டாவும் விலைக் குறைப்புக் கேட்கிற கம்பெனிதான், அதில் சாமியார்த்தனம் ஒன்றுமில்லை. ஆனால் கேட்கும்போது எங்கே குறைக்கலாம் என்று காட்ட ஆளையும் அனுப்பும் என்று பெயர் வாங்கியிருந்தது. கணக்கு கடைசியில் நேராகும் என்று தெரிந்தவன்தான் விலை கேட்காமல் மெஷினைத் திருப்புவான்.

எதிர்ப்பக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ். 1992இல் அதன் கொள்முதலுக்கு இக்னாசியோ லோபஸ் வந்தார். இருக்கிற ஒப்பந்தங்களைத் திரும்ப ஏலத்துக்கு விட்டார், இரட்டை இலக்கச் சதவீதத்தில் குறைக்கச் சொன்னார், ஒருவன் வரைபடத்தை இன்னொருவனிடம் காட்டி விலை கேட்கிறார்கள் என்று சப்ளையர்கள் குமுறினார்கள். நிறையப் பணம் மிச்சமானது, அதை மறுக்க முடியாது. அடுத்த வருஷமே அவர் ஃபோக்ஸ்வாகனுக்குப் போய்விட்டார். நல்ல யோசனை ஏதாவது தோன்றினால் அதை முதலில் ஜெனரல் மோட்டார்ஸிடம் கொண்டுபோகாதே என்ற எச்சரிக்கை மட்டும் அவரோடு போகவில்லை.

தெரியாமல் வாங்குவது

பணத்தைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது இன்னொன்று. வெளியே கொடுத்துவிட்டால் அந்த வேலையைப் பற்றிய அறிவும் மெல்ல வெளியே போய்விடுகிறது. டொயோட்டா தன் மின்சாதனப் பிரிவை 1949இலேயே தனிக் கம்பெனியாக்கிவிட்டது, அதுதான் இன்றைய டென்ஸோ. கார்களில் எலக்ட்ரானிக்ஸ் கூடிக்கொண்டே போனபோது, எல்லாம் டென்ஸோ பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், 1989இல் ஹிரோஸேயில் தானே ஓர் ஆலை போட்டு சிப்பும் எலக்ட்ரானிக்ஸும் செய்து பார்த்தது. முழுத் தேவைக்கும் இல்லை. நல்ல சிப் எது, நியாய விலை எது என்று டென்ஸோவிடம் கேட்காமலே தெரிந்துகொள்வதற்கு. முப்பது வருஷம் நடத்திவிட்டு 2020இல்தான் அதை டென்ஸோவிடம் கொடுத்தது.

இதற்கு நேர் எதிர் ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச். டெல்ஃபி செய்த அந்தச் சுவிட்ச் கெட்டியாக இல்லை, சாவிக்கொத்து கனத்தாலோ முழங்கால் இடித்தாலோ ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும், அணைந்தால் ஏர்பேக் விரியாது. 2006இல் பாகத்தைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள், பாக எண்ணை மாற்றவில்லை. பழைய சுவிட்சும் புது சுவிட்சும் ஒரே எண். விபத்துகளை ஆராய்ந்த அந்தக் கம்பெனியின் சொந்த ஆட்களுக்கே சில வருஷக் கார்களில் ஏன் இந்தக் கோளாறு இல்லை என்று வருஷக்கணக்கில் புரியவில்லை. 2014இல் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தபோது காலம் கடந்திருந்தது. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

இன்னொரு வேடிக்கை. 2011 மார்ச் பூகம்பத்துக்குப் பிறகு அமெரிக்காவில் ஃபோர்டு சில கறுப்பு, சிவப்பு நிறக் கார்களுக்கு ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று டீலர்களிடம் சொன்னது. பெயின்டில் மினுமினுப்பு தருகிற ஸிராலிக் என்ற நிறமி ஜப்பானில் ஒனஹாமா என்ற ஊரில், மெர்க் கம்பெனியின் ஒரே ஓர் ஆலையில்தான் உலகத்துக்கே தயாரானது. அது ஃபுகுஷிமா அணு உலைக்குப் பக்கத்தில். கார் கம்பெனி பெயின்டை ஒருவரிடம் வாங்குகிறது, அவர் நிறமியை இன்னொருவரிடம் வாங்குகிறார். இரண்டு மூன்று அடுக்கு கீழே போனால் எல்லாரும் ஒரே வாசலில் நிற்கிறார்கள்.

2011க்குப் பிறகு டொயோட்டா சிப் சப்ளையர்களிடம் சில மாத ஸ்டாக் வைத்திருக்கச் சொன்னது. 2020இல் கொரோனா வந்ததும் கார் கம்பெனிகள் பல, கார் விற்காது என்று சிப் ஆர்டர்களை வெட்டிவிட்டன. லேப்டாப்காரர்களும் போன்காரர்களும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் கார் விற்பனை திரும்பியபோது இவர்கள் வரிசையில் கடைசி ஆள். மாமா போன்றவர்களிடம் பேசும் குரலில் தைவான் சிப் ஆலையிடம் பேச முடியாது, ஏனென்றால் அங்கே கார்க்காரன் சின்ன வாடிக்கையாளன். 2021 செப்டம்பரில் மாருதியின் உற்பத்தி வழக்கத்தில் 40 சதவீதத்துக்கு இறங்கும் என்று அவர்களே அறிவித்தார்கள். ஸ்டாக் வைத்திருந்த டொயோட்டாவுக்கும் அதே மாதம் உலக உற்பத்தியில் 40 சதவீதத்தை வெட்ட நேர்ந்தது, ஆனால் மற்றவர்களைவிடப் பல மாதம் தள்ளித்தான் அது அந்த நிலைக்கு வந்தது.

கரியா கதையை மாமாவிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார், வால்வு எத்தனை மைக்ரான் என்று விசாரித்தார். "இங்க நெருப்புப் பிடிச்சாலும் செஞ்சு குடுப்போம்டா, எஸ்டேட்ல நாலு பேர் சேர்ந்தா முடியாதது என்ன இருக்கு" என்றார். அப்புறம், "ஆனா அதுக்கு முன்னாடி போன வருஷத்து டெபிட் நோட்டை ரிவர்ஸ் பண்ணச் சொல்லுவேன்" என்றார்.

இப்போது அவருடைய கவலை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. பேட்டரிக் காரில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, ரிங் இல்லை, ரேடியேட்டர் மூடி மாதிரி சில்லறைகள்தான் ஏதோ உருவத்தில் மிஞ்சும். சீனக் கார் கம்பெனியான பிஒய்டி பேட்டரியிலிருந்து பவர் சிப் வரை தானே செய்கிறது, ரிவர் ரூஜ் மறுபடி பிறந்துவிட்டது என்கிறார்கள். பாதிதான் உண்மை. அதே பிஒய்டி 2020இல் தன் பேட்டரிப் பிரிவை ஃபின்ட்ரீம்ஸ் என்று தனியாகப் பெயரிட்டு வெளியாருக்கும் விற்கத் தொடங்கியது, டொயோட்டா சீனாவில் விற்கிற பிஇசட்3 காரில் ஓடுவது அவர்கள் பேட்டரிதான். மாமாவின் புஷ் பிரேக் பக்கம் போவதால் அவருக்கு உடனடி ஆபத்து இல்லை, பேட்டரிக் காருக்கும் பிரேக் வேண்டும். இருந்தும் போன மாதம் கோயம்புத்தூர் பம்புக்காரர் ஒருவரிடம் ஷாஃப்ட் ஆர்டர் எடுத்திருக்கிறார். விலை கொஞ்சம் குறைவுதான், ஆனால் 30 நாளில் பணம் வந்துவிடுகிறதாம்.